குற்றாலச் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பிரயாணம் என்றே பொருள். ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் செல்லுதல் செலவு எனப்பட்டது. பணம் கையை விட்டுச் செல்வதற்கும் பின்னாளில் அச்சொல்லே பெயராயிற்று. இவ்விரண்டும் ஒன்றாகவே புறப்படுபவை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்.

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கி, தென்காசி வீதிகளில் சாரல் தூவத் தொடங்கியதும், நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் ஒரே பேச்சு எழுகின்றது: "இந்த வருஷம் குற்றாலத்துக்கு எப்போது?" அதனோடு சேர்ந்தே எழவேண்டிய இரண்டாவது கேள்வி, "எந்தப் பணத்தில்?" என்பது. அக்கேள்வியோ பெரும்பாலும் அருவியில் நனைந்து வீடு திரும்பிய பின்னரே எழுகின்றது. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

பேரேட்டில் கண்ட அருவி

நாம் கூட்டுறவு ஆய்வாளராகப் பணிபுரிந்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தென்காசிப் பகுதியில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யும்போது, சிறு கடன் பேரேட்டில் ஒரு பதிவு நம் கண்ணில் பட்டது. கடன் தொகை ரூ.15,000. நோக்கம்: தறி பழுது பார்த்தல். பெற்ற நாள் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. தவணை தவறி, அபராத வட்டி ஏறி, கடைசித் தவணை மட்டும் நிலுவையில் நின்றது. அங்கத்தினர் நாணயமானவர், முன்பு எக்கடனிலும் தவணை தவறாதவர். ஆகவே அவரை அழைத்துக் காரணம் கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தறியில் ஒரு பழுதும் இல்லை, ஐயா. பிள்ளைகள் நாலு வருஷமாகக் குற்றாலம், குற்றாலம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று நினைத்தேன். அருவியில் நின்றது அரை மணி நேரம். வட்டி கட்டியது பதினாலு மாசம்."

கடன் நோக்கத்தைத் தவறாக எழுதுவது குற்றமே. அதை அவரிடமும் காரியதரிசியிடமும் எடுத்துரைத்து, ஆய்வுக் குறிப்பிலும் பதிந்தோம். எனினும் அவர்மீது நமக்குக் கோபம் வரவில்லை. ஆண்டு முழுவதும் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், தாயையும் மக்களையும் இரண்டு நாள் அருவிக்கு அழைத்துச் செல்ல விரும்பியதில் என்ன பிழை? விருப்பத்தில் பிழையில்லை, அதற்கு வழி வகுத்ததில்தான் பிழை. அன்று மாலை அவருடன் அமர்ந்து, அந்த இரண்டு நாள் செலவையும் வரவு செலவுக் கணக்குப் போல் எழுதிப் பார்த்தோம்.

வீட்டு வாசலில் இருந்து வாடகை வேன் ரூ.5,000. சனிக்கிழமை இரவு ஓர் அறைக்கு ரூ.4,000. ஆறு பேருக்கு இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு ரூ.3,500. தேநீர், பழம், விளையாட்டுச் சாமான், எண்ணெய்த் தேய்ப்பு ஆகியவை ரூ.1,500. ஆக ரூ.14,000. தலைக்கு ஏறத்தாழ ரூ.2,333. தறி நின்ற மூன்று நாள் கூலியும், பதினான்கு மாத வட்டியும் இதில் சேரவில்லை.

பணம் ஒழுகும் நான்கு துளைகள்

இந்தக் கணக்கை உற்று நோக்கினால், பணம் ஒழுகிய இடங்கள் நான்கு என்பது தெரியும். முதலாவது, புறப்பட்ட நாள். இரண்டாவது, அறை எடுத்த விதம். மூன்றாவது, ஏறிய வண்டி. நான்காவது, கண்ணுக்குப் புலனாகாத கூலி இழப்பு. இவை நான்கும் குற்றாலத்தில் நிகழ்ந்தவை அல்ல. வீட்டில் இருந்தபோதே முடிவு செய்யப்பட்டவை. அருவிக்கரையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிச் சேமிப்பதைவிட, புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் சிந்தித்துச் சேமிப்பது பல மடங்கு பெரியது. இதனை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிப்பது. திரிகூட மலையில் மழை பெய்தால் சிற்றாற்றில் நீர் வரும். நீர் வந்தால் பேரருவியும் ஐந்தருவியும் விழும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் எல்லோரும் ஒரே நாளில் செல்வதால்தான் வாடகை ஏறுகின்றது. சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை, ஆகஸ்டு 15, அரசு நடத்தும் சாரல் விழா நாட்கள் ஆகியவற்றில் அறைக்கு இருக்கும் விலை வேறு. செவ்வாய், புதன்கிழமைகளில் அதே அறைக்கு இருக்கும் விலை வேறு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போதும் நெரிசல் மிகும்.

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் திரும்பும் நேரத்தில் நாம் செல்லுதலே அவ்வழி. ஞாயிறு மாலையில் வெளியூர்க் கூட்டம் கலைந்து போகும். அந்நேரம் சென்று தங்கினால் அறையும் மலிவு. திங்கள் விடியற்காலையில் அருவியில் இடித்துத் தள்ளாமல் வயது முதிர்ந்தவர்களும் நிம்மதியாக நிற்கலாம். பிள்ளைகளுக்கு ஒரே நாள் விடுப்புப் போதும்.

நெசவாளரும் உழவரும் இன்னொன்றையும் கருதவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு நாளிலும் சம்பளம் உண்டு. நமக்குத் தறி நின்றால் கூலி நின்றது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் பாவை நிறுத்திவிட்டுப் புறப்படுவதைவிட, ஒரு பாவு அறுத்து அடுத்த பாவு பிணைக்கும் இடைவேளையைப் பிரயாணத்துக்கு ஒதுக்குதல் நலம். சாரல் நாட்களில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பது எப்படியும் தடைப்படுவதே. அந்த வெறும் நாட்களைப் பயனுள்ள நாட்களாக்கலாம். உழவர்கள் கார் நடவும் முதற்களையும் முடிந்த பின் புறப்பட்டால், வயலும் கெடாது. அருவியும் ஓடாமல் இராது.

அறை எடுத்தலும் முன்பணமும்

அருவியில் நனைந்த பிறகு, ஈர வேட்டியோடும் அழும் குழந்தையோடும் அறை தேடுகிறவர், கேட்ட விலையைக் கொடுத்தே தீரவேண்டும். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பே பேசி முடிப்பதுதான் சிக்கனத்தின் அடிப்படை. குற்றாலத்திலேயே தங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தென்காசி ஐந்தாறு கிலோமீட்டர் தூரம். இலஞ்சி அதனினும் அருகில். செங்கோட்டையும் தொலைவில் இல்லை. அருவிக்கு எதிரில் உள்ள விடுதியில், அருவியைப் பார்த்திருக்கும் உரிமைக்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார்கள். தூங்கும்போது அருவியை யார் பார்க்கப் போகிறார்கள்?

இணையத்தின் வழியே அறை எடுப்பது இப்போது பெருகியுள்ளது. அதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெவ்வேறு விடுதிகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல கருவி. ஆனால் இடையில் நிற்கும் நிறுவனங்களுக்கு விடுதிக்காரர் தரகு கொடுக்கிறார். ஆதலால் விலையை அங்கே பார்த்துக்கொண்டு, பிறகு விடுதிக்கே நேரில் தொலைபேசி செய்து, "நேரடியாக வந்தால் என்ன விலை?" என்று கேட்கவேண்டும். சில சமயம் குறைப்பார்கள். சில சமயம் காலை உணவையாவது சேர்த்துத் தருவார்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் குற்றாலத்தில் உண்டு. அதன் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

பேசும்போது கேட்கவேண்டியவை ஐந்து. வாடகை அறைக்கா, தலைக்கா? கூடுதல் பாய், தலையணைக்குத் தனிக் கட்டணமா? உள்ளே நுழையும் நேரமும் காலி செய்யும் நேரமும் எவை, அல்லது 24 மணி நேரக் கணக்கா? வரி உட்பட்ட விலையா? அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டு நாம் வராமல் போனால் முன்பணம் திரும்புமா, அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தரப்படுமா? விடைகளைக் கைப்பேசியில் எழுத்தாகவே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் கொடுக்காத சங்கம், வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்கலாமா? வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறை வாடகைக்கு நூற்றுக்கு 5 எனக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் நூற்றுக்கு 12 ஆக இருந்தது. வரிக்குப் பதிவு பெறாத சிறு விடுதிகள் வரி என்று எதையும் வசூலிக்கலாகாது. ஆகவே பதிவு எண் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குதல் நம் உரிமை.

நாம் ஏமாந்த கதை

அறிவுரை சொல்லும் நாமே ஒரு முறை ஏமாந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அலுவல் மிகுதியால் கடைசி நேரத்தில் இணையத்தில் தேடியபோது, அழகிய படங்களுடன் ஒரு விடுதியின் விளம்பரம் தென்பட்டது. மற்ற இடங்களைவிடப் பாதி விலை. தொலைபேசியில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். "இன்று மாலைக்குள் முழுத் தொகையும் அனுப்பினால்தான் இந்த விலை; நாளை இல்லை" என்றார். அனுப்பினோம். குடும்பத்தோடு சென்று இறங்கியபோது, அந்த முகவரியில் விடுதி இருந்தது; ஆனால் அந்தத் தொலைபேசி எண் அவர்களுடையதன்று. படங்களை எடுத்து வேறு எவனோ விளம்பரம் செய்திருந்தான். ஊர் ஊராகச் சென்று கணக்கைத் தணிக்கை செய்கிற நாம், நம் சொந்தப் பணத்தைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டோம். நம் வீட்டார் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று கற்ற பாடங்கள் இவை. மற்றவற்றைவிடப் பாதி விலை என்றால் இரண்டு மடங்கு சந்தேகிக்கவேண்டும். அவசரப்படுத்துகிறவருக்குப் பணம் அனுப்பலாகாது. விளம்பரத்தில் கண்ட எண்ணை விட்டு, அவ்வூரில் பழக்கமானவர் மூலம் விடுதியின் எண்ணைச் சரிபார்க்கவேண்டும். முன்பணம் சிறு பகுதியாக மட்டும் இருத்தல் வேண்டும். மீதி சாவியைக் கையில் வாங்கும்போது. அப்படியும் ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு வாளாவிராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து முறையிடவேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் மீள வாய்ப்புண்டு. நாம் இரண்டு நாள் கழித்துச் சொன்னோம், பணம் மீளவில்லை.

ரயிலும் பஸ்ஸும்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் ரயில் வந்தது 1903இல். மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை இணைந்தது 1904இல். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் அதே 1904இல்தான். ஏழை எளியவர் குறைந்த செலவில் பயணம் செய்ய ஒன்றும், குறைந்த வட்டியில் கடன் பெற மற்றொன்றுமாக, இரண்டும் ஒரே ஆண்டில் நம்மிடம் வந்தன எனலாம். மலைப்பாதை அகலப்பாதையாக மாறி 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம், பாவூர்ச்சத்திரம் வழியாக வருவோரும், மதுரையிலிருந்து விருதுநகர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாக வருவோரும் முன்பதிவில்லாத பெட்டியிலேயே பகலில் வந்துவிடலாம். வேனுக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் ஆகும். சென்னை, காஞ்சிபுரம் பக்கத்து அங்கத்தினர்கள் பொதிகை, சிலம்பு முதலிய விரைவு ரயில்களில் வரவேண்டுமானால் முன்பதிவு அவசியம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்த் தொடங்குகின்றது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. ஆடி மாதத்துச் சனிக்கிழமைக்கு வைகாசி மாதமே முந்திக்கொள்வார்கள். ஆகவே நாளைக் குறித்துவைத்து, பதிவு திறக்கும் முதல் வாரத்திலேயே சீட்டு எடுக்கவேண்டும். ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை பதியலாம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. 5 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. சீட்டை ரத்து செய்ய நேர்ந்தால் தாமதிக்காமல் செய்யவேண்டும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும்.

தென்காசியில் இறங்கியபின் குற்றாலத்துக்கு நகரப் பேருந்துகள் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 முதல் உள்ள ஏற்பாடு. ஒரு குடும்பத்தில் மூன்று பெண்கள் இருந்தால், இரண்டு நாளில் அருவிக்கும் அறைக்கும் எத்தனை தடவை போய்வந்தாலும் அவர்கள் பங்குக்குச் செலவில்லை.

அருவிக்கரையில்

அருவியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் பயன்படுத்தத் தடை உண்டு. அவற்றை வாங்கிச் சென்று வீணாக்கவேண்டாம். எண்ணெய்த் தேய்ப்பு வேண்டுவோர் உட்காருவதற்கு முன்பே விலையைப் பேசிக்கொள்ளவேண்டும். எண்ணெய் தேய்த்த உடம்போடு பேரம் பேச முடியாது. மங்குஸ்தான், ரம்புத்தான் முதலிய பழங்களை முதற்கடையிலேயே வாங்காமல் நான்கு கடை பார்த்து வாங்கலாம். வீட்டிலிருந்து புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போனால் முதல் நாள் சாப்பாட்டுச் செலவே இல்லை. காசு கொடுக்காமல் காணத்தக்கவையும் பல. மூலிகை ஓவியங்கள் நிறைந்த சித்திர சபை, நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று. தென்காசியில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எடுப்பித்த விசுவநாதர் கோயில் இருக்கின்றது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அவர்களைத் தேடி அறிஞர்கள் பலர் வந்ததற்கு அருவி மட்டும் காரணமன்று. நல்ல நண்பர்களோடு கூடியிருத்தலே பெரிய காரணம். அந்தச் சுகத்துக்கு இன்றும் கட்டணமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். நீர்வரத்து மிகுந்தால் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். "இவ்வளவு பணம் கட்டி வந்துவிட்டோமே" என்று சிலர் தடையை மீற முனைகிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பெருக்கெடுத்து, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. கட்டிய பணம் போனது போனதுதான். அதை மீட்பதற்காக உயிரைப் பந்தயம் வைக்கலாகாது. நாள் மாற்றித் தரும் விடுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் காரணமும் இதுவே. அத்தகைய ஏற்பாடு இருந்தால் தடையைக் கண்டு மனம் பதறாது.

நெசவாளர்கள் காட்டிய வழி

கூட்டாகச் சேமித்துக் கூட்டாகச் செல்வது புதிய யோசனை அன்று. அதைச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர்கள் நம் தொழிலாளரே, அதாவது நெசவாளரே. இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆண்டுக்கொரு வாரம் ஆலைகள் அடைக்கப்படும். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆகவே ஓல்டாம் முதலிய ஊர்களில் நெசவாளர்களும் நூற்பாளர்களும் பிரயாணச் சேமிப்புக் கழகங்கள் அமைத்து, வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்து, விடுமுறை வந்ததும் எடுத்துக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்றார்கள். ஊருக்கு ஊர் விடுமுறை வாரம் வேறுபட்டதால், எல்லோரும் ஒரே நாளில் போய் நெருக்கியடிக்கவில்லை.

கூட்டமாகச் சென்றால் கட்டணம் குறையும் என்பதை 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் மெய்ப்பித்தார். தச்சுத் தொழில் செய்துவந்த அவர், சுமார் 500 பேரைத் திரட்டி ரயில் நிறுவனத்தோடு பேசி, லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங்கில் அழைத்துச் சென்று திரும்பினார். தனித்தனியே போயிருந்தால் எவருக்கும் அவ்விலை கிடைத்திராது.

லங்காஷயரில் கோல்ன் என்னும் நெசவாளர் ஊரில் பாதிரியாராக இருந்த டி.ஏ. லெனார்டு என்பார் ஒரு குறையைக் கண்டார். ஆண்டு முழுவதும் சேமித்த பணத்தை மக்கள் ஒரே வாரத்தில் ஆரவாரத்தில் கரைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்களே என்று வருந்தினார். 1891இல் ஒரு சிறு கூட்டத்தை ஆம்பிள்சைடு என்னும் ஏரிப் பகுதிக்கு அழைத்துச் சென்று, எளிய தங்குமிடத்தில் தங்கவைத்து, மலைகளில் நடக்கச் செய்தார். அதிலிருந்து 1893இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் தோன்றியது. சுவிட்சர்லாந்தில் 1939இல் தொடங்கிய ரேக்கா என்னும் கூட்டுறவு நிறுவனம், தொழிலாளர் குடும்பங்கள் பிரயாணத்துக்கென்றே சேமிப்பு வில்லைகளைச் சலுகை விலையில் வாங்கிச் சேர்க்க வழி செய்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: கடன் வாங்கிப் போகாமல், முன்கூட்டிச் சேமித்து, சேர்ந்து பேரம் பேசிப் போதல்.

நம் சங்கத்தில் எவ்வாறு?

இங்கே ஓர் எச்சரிக்கை. சங்கத்தின் சொந்த நிதியை உல்லாசப் பிரயாணத்துக்கு எடுக்கலாகாது. 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் துணைவிதிகளும் அனுமதித்த காரியங்களுக்கே அந்நிதி உரியது. கூலியில் பிடிக்கும் சிக்கன நிதியும் முதுமைக்கும் ஆபத்துக்கும் உரியது, அதைத் தொடவேண்டாம். பிரயாணச் சேமிப்பு அங்கத்தினர்கள் தாமாக விரும்பிச் செய்யும் தனிச் சேமிப்பாக இருக்கவேண்டும். அதையும் யாரோ ஒருவர் கையில் ரொக்கமாகக் கொடுத்து வைக்காமல், ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே மத்திய கூட்டுறவு வங்கிக் கிளையில் தொடர் வைப்பாகக் கட்டி வருதல் சிறந்தது. பணம் அவரவர் பெயரில் இருப்பதால் சந்தேகத்துக்கும் சண்டைக்கும் இடமில்லை. நாள் குறித்தல், அறை பேசுதல், சீட்டெடுத்தல் ஆகியவற்றை மூவர் அடங்கிய சிறு குழுவிடம் விடலாம். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் நலம். விடுதிக்காரர் மறந்ததை அவர் கேட்பார்.

மேலே சொன்ன நெசவாளரிடம் இவ்வளவையும் சொன்னோம். அவர் தம் தெருவில் போய்ப் பேசினார். பதினொரு குடும்பங்கள் சேர்ந்தன. ஆவணி முதல் வைகாசி வரை பத்து மாதம், குடும்பத்துக்கு மாதம் ரூ.300. வட்டி நீங்கலாகச் சேர்ந்தது ரூ.33,000. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் 46 பேர் புறப்பட்டு, இரண்டு இரவு தங்கி, செவ்வாய் நண்பகல் திரும்பினார்கள். அவர்கள் எழுதி வைத்த கணக்கை நாம் பார்த்தோம். ரயில், பஸ், முதியோருக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்து ரூ.3,700. இலஞ்சிப் பக்கத்தில் இரண்டு கூடங்களும் மூன்று அறைகளும் இரண்டு இரவுக்கு ரூ.9,000. கூட்டுறவுப் பண்டகசாலையில் வாங்கிய மளிகை, காய்கறி, அடுப்புச் செலவு உட்படச் சமையலுக்கு ரூ.11,000. தேநீர், சிற்றுண்டி, பழங்கள் ரூ.3,300. மருந்து முதலிய சில்லறை ரூ.500. ஆக ரூ.27,500. தலைக்கு ஏறத்தாழ ரூ.598. மீதி ரூ.5,500, குடும்பத்துக்கு ரூ.500 திரும்பியது.

போன முதல் மாலையில் நீர்வரத்து மிகுந்து பேரருவியில் தடை போட்டுவிட்டார்களாம். சென்ற முறையானால் மனம் நொந்திருப்பார்கள். இம்முறை இன்னும் ஒரு முழு நாள் கையில் இருந்தது. கவலையின்றிக் கோயிலுக்குப் போய்வந்து உறங்கினார்கள். திங்கள் காலையில் தடை நீங்கியது. அவருடைய தாயார், மகன் கையைப் பிடித்துக்கொண்டு அருவியின் ஓரத்தில் நெடுநேரம் நின்றாராம்.

அடுத்த ஆய்வுக்கு நாம் சென்றபோது, அவர் கடன் பேரேட்டில் நிலுவை ஏதும் இல்லை. தம் தொடர் வைப்புப் புத்தகத்தை எடுத்து நம் முன் வைத்தார். திரும்பக் கிடைத்த 500 ரூபாயில் 300 ரூபாயை அடுத்த ஆண்டுக்கு முதல் தவணையாகக் கட்டியிருந்தார். "மீதி இருநூறு என்ன ஆயிற்று?" என்று கேட்டோம். "அம்மாவுக்கு ஒரு துண்டு, ஐயா. குற்றாலத் துண்டு கிழிந்துவிட்டது" என்றார்.

ஆவணி மாதம் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த சாரலுக்குரிய முதல் தவணையை அன்றே கட்டத் தொடங்கலாம். சங்க அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் தெருவில் பேசிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.